தோட்டாப் பையைத் தைத்த கை



சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் அருவிக்குப் போய்விடுவார்கள் என்று அமைப்பாளர்களிடம் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. ஆனாலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைவர்களைப் பற்றியோ பெரிய போராட்டங்களைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நாங்கள் இன்று ஒரு பையைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒரு சாண் அகலம்கூட இல்லாத பழைய தோல் பை.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதேபோல ஒரு சாரல் நாளில் குற்றாலத்தில் அந்தப் பையைப் பார்த்தோம். சீசனுக்கென்று சாலையோரம் போடும் கடைகள் உங்களுக்குத் தெரியும். நேந்திரம் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புத்தான், துண்டு, எண்ணெய் என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையின் கடைசியில் ஒருவர் பழைய பித்தளைச் சாமான் விரித்திருந்தார். வெற்றிலைச் செல்லம், மண்ணெண்ணெய் விளக்கு, ஜமீன் வீட்டுப் பூட்டு. நடுவில் கறுத்துப் போன ஒரு தோல் பை. மேலே பெரிய மூடி, முகப்பில் பித்தளைச் சின்னம் ஒன்றைப் பெயர்த்தெடுத்த இரண்டு துளைகள். மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு மரக்கட்டை, அதில் வரிசையாகக் குடையப்பட்ட குழிகள். "பாளையங்கோட்டைப் பட்டாளத்துச் சாமான் சார், வெள்ளைக்காரத் துரையோடது" என்றார் கடைக்காரர். சொன்ன விலை எங்களில் ஒருவருடைய மாதச் சம்பளம்.

பாளையங்கோட்டை என்பது விற்பனைக்காகச் சொன்ன கதையாக இருக்கலாம். ஆனால் அது தோட்டாப் பை என்பதில் சந்தேகமில்லை. காகிதத்தில் மருந்தையும் குண்டையும் சேர்த்துச் சுருட்டிய தோட்டாக்களை அந்தக் குழிகளில் ஒவ்வொன்றாகச் செருகி வைப்பார்கள். மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் தடி. மூடியை அவ்வளவு பெரிதாகத் தைத்தது மழைக்காகத்தான்.

நாங்கள் பையை வாங்கவில்லை. படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் தென்காசியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனோம். ஐம்பது வயதுவரை செருப்பும் கமலைத் தோலும் தைத்தவர். முதலில் அவர் பையைத் தொடவே இல்லை. பிறகு மூடியைத் திருப்பி, தையல் ஓடிய பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். "ரெண்டு ஊசித் தையலு தம்பி. ஒரே ஓட்டைக்குள்ள ரெண்டு பக்கமும் ஊசி போவும். ஒரு இழை அறுந்தாலும் மத்தது பிடிச்சுக்கிடும். மிசின் இல்ல, கைதான்" என்றார். கடைக்காரருக்கு மகிழ்ச்சி. கைத்தையல் என்று தெரிந்ததும் விலையை இன்னும் ஆயிரம் ரூபாய் ஏற்றினார்.

அந்த ஆயிரம் ரூபாய்தான் எங்களை இந்த ஆய்வுக்குள் தள்ளியது என்று சொல்லலாம்.

பழைய ராணுவத் தோல் பொருட்களைச் சேகரிப்பது உலகம் முழுக்க உள்ள ஒரு பொழுதுபோக்கு, ஒரு வணிகம். 19ஆம் நூற்றாண்டின் குறுக்கு வார்கள், இடுப்பு வார்கள், தோட்டாப் பைகள், பயனெட் உறைகள், வாள் உறைகள், சேணங்கள் எல்லாவற்றுக்கும் சந்தை இருக்கிறது. எது எந்த ஆண்டு மாதிரி என்பதில் சேகரிப்பாளர்கள் கெட்டிக்காரர்கள். தீக்கல் துப்பாக்கி போய் 1840களில் தொப்பி வெடி வந்ததும், அந்தச் சிறு செம்புத் தொப்பிகளை வைக்க உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்த குட்டிப் பை ஒன்று சிப்பாயின் உடம்பில் கூடுதலாக ஏறியது. 1871இல் ஒரு மாதிரி, 1888இல் ஸ்லேட் வாலஸ் மாதிரி, பிறகு 1908இல் பருத்தி நாடாவால் நெய்த சாமான்கள் வந்து பிரிட்டிஷ் காலாட்படையில் தோலின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. வெள்ளையாகத் தெரியும் வார்கள் எண்ணெய் அடித்துப் பதப்படுத்திய தடித்த தோல். அதன்மேல் வெண்களிமண்ணைக் குழைத்துப் பூசிப் பூசித்தான் அணிவகுப்புக்கு நிற்க வேண்டும். இவ்வளவும் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு பொருளின் விலையைத் தீர்மானிப்பது, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு. எந்த ரெஜிமென்ட், எந்த அதிகாரி, எந்தப் போர். அரசுச் சொத்து என்பதற்கான அம்பு முத்திரை இருக்கிறதா, படைப்பிரிவின் எண் இருக்கிறதா, ஒப்பந்தக்காரரின் பெயர் இருக்கிறதா. அணிந்தவர் பெயர் இருந்தால் விலை ஏறும், கொன்றவர் பெயர் இருந்தால் இன்னும் ஏறும். தைத்தவர் பெயர் என்று ஒரு கட்டமே அந்தப் பட்டியலில் கிடையாது. சமூகவியல் வகுப்பில் உழைப்பு அந்நியமாதல் என்று படித்தோம். அதை இவ்வளவு துல்லியமாக ஒரு விலைச்சீட்டில் பார்க்க முடியும் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

தோலின் பயணத்தைப் பின்னாலிருந்து பார்ப்போம். செத்த மாட்டை ஊரிலிருந்து இழுத்து வந்து உரிப்பது ஒரு வேலை. ஊர் அதைக் கூலியில்லாத கடமையாக்கி வைத்திருந்தது. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, சதை சீவி, பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டு எடுப்பது அடுத்த வேலை. தமிழ்நாட்டுத் தோலின் நிறமும் மணமும் ஆவாரம் பட்டையிலிருந்து வந்தவை. கொன்றைப் பட்டையும் கடுக்காயும் துணைக்கு வரும். ஐரோப்பியச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர் வாங்கியது பெரும்பாலும் இந்த ஆவாரம் பட்டைத் தோல்தான்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் சக்கிலியர் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அவர் எழுதிய பலவற்றோடு நமக்குச் சண்டை உண்டு. மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதியைக் கண்டுபிடிக்கப் பார்த்தவர் அவர். ஆனால் அந்தப் பகுதியில் ஒரு செய்தி கிடக்கிறது. ஆவாரஞ்செடியை இந்த மக்கள் வணக்கத்துக்குரியதாக வைத்திருந்தார்கள், திருமணத்தில் தாலியை முதலில் ஆவாரங்கிளையில் கட்டிவிட்டுத்தான் மணமகளுக்குக் கட்டினார்கள் என்று. சோறு போட்ட செடிக்கு முதல் தாலி. தென்காசி சுற்றுவட்டாரத்தில் கரட்டுக் காடுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரை இப்போது சர்க்கரை நோய்க்குத் தேநீராக விற்கிறது. அதன் பட்டைக்கு ஒரு காலத்தில் இருந்த மரியாதையை அந்தப் பாக்கெட்டில் எழுதமாட்டார்கள்.

இங்கே சேகரிப்பாளர்களின் ஒரு புலம்பலையும் சொல்லியாக வேண்டும். பழைய தோலைக் கையில் எடுத்தால் சிவப்பாகப் பொடி உதிரும். தோலின் இழைகளே மட்கிப்போகும் ஒரு சிதைவு அது. புத்தகக் கட்டுமானத் தோல்கள் ஏன் இப்படி உதிர்கின்றன என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு குழு ஆராய்ந்தது. நிலக்கரி வாயுவும் புகையும் கலந்த நகரக் காற்றுக்கு எல்லாத் தோலும் ஒன்றுபோல ஈடுகொடுப்பதில்லை, ஆவாரம் பட்டையில் பதனிட்ட இந்தியத் தோல்கள் சீக்கிரம் உதிர்கின்றன என்று அது கண்டது. எங்கள் பெரியவரிடம் இதைச் சொன்னோம். "கமலைத் தோலு தண்ணிக்குள்ளயே கெடக்கும், வருசம் முழுக்க ஓடும். அவங்க ஊருக் காத்து சரியில்லைன்னா நம்ம பட்டை என்ன செய்யும்?" என்றார். குழுவின் அறிக்கையில் சேர்த்திருக்க வேண்டிய வாக்கியம்.

கமலை என்றதும் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. மாணவர்கள் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். மாடு பூட்டி இறைக்கும் கிணற்றில் கூனையின் அடியில் யானைத் துதிக்கை போல ஒரு தோல் வால் தைத்திருக்கும். தண்ணீர் அந்த வால் வழியாகத்தான் வாய்க்காலுக்குப் பாயும். வால் கிழிந்தால் வயல் காயும். அப்போது சேரிக்கு ஆள் ஓடி வரும். சக்கிலியர் தைத்த மாட்டுத் தோல் நாள் முழுக்கக் கிணற்றுக்குள் முங்கி எழும். கிணறு தீட்டாகாது. தைத்தவர் அந்தக் கிணற்றில் கை வைத்தால் தீட்டாகிவிடும். இந்தத் தர்க்கத்தைப் புரிந்துகொண்டால் இனி சொல்லப்போகும் ராணுவக் கதையும் புரியும்.

1806ஆம் ஆண்டு வேலூர். நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் புதிய உடை விதிகள் வந்தன. அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். கூடவே ஒரு புதுத் தலைப்பாகை. அதில் தோலால் செய்த குஞ்சம். அது பசுத்தோலா பன்றித்தோலா என்ற கேள்வி எழுந்தது. மே மாதத்திலேயே மறுத்தவர்களைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஓர் இஸ்லாமியருக்கும் ஓர் இந்துவுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10 விடியலில் கோட்டைக்குள் புரட்சி வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்ததும் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டார்கள்.

நமது பகுதியும் அந்த அதிர்விலிருந்து தப்பவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பாளையங்கோட்டையில் சதி நடக்கிறது என்ற வதந்தியை நம்பி, படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்துக் கோட்டையிலிருந்து வெளியேற்றினார். அதற்காக அவர்மேல் ராணுவ விசாரணை நடந்தது. விடுவிக்கப்பட்டார்.

வேலூரில் செத்தவர்களின் தியாகத்தைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. அந்நியனின் கட்டளைக்குத் தலைவணங்க மறுத்தவர்கள் அவர்கள். அவமானம் என்பது தொப்பியின் வடிவத்தில் வந்தாலும் அவமானம்தான். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? தலையில் ஏறவிருந்த விரலளவு தோல் கலகத்துக்குக் காரணமானபோது, அதே சிப்பாயின் மார்பில் குறுக்காக ஒரு வார் கிடந்தது. இடுப்பருகே தோட்டாப் பை தொங்கியது. காலில் செருப்பு இருந்தது. எல்லாம் தோல். அந்தத் தோலெல்லாம் எந்த மிருகத்துடையது என்று யாரும் கேட்கவில்லை. கீழே இருக்கும்வரை தோலுக்கு இடம் உண்டு. தலைக்கு ஏறியதும்தான் பிரச்சினை. இதில் விலங்கியல் எவ்வளவு, சாதியின் உடற்கூறு எவ்வளவு என்பதை நீங்களே பிரித்துப் பாருங்கள். காலில் பிறந்தவன், தலையில் பிறந்தவன் என்று சொன்ன ஒரு சமூகத்தின் படை அது.

ஐம்பது ஆண்டு கழித்து, 1857 ஜனவரியில், கல்கத்தா அருகே டம்டம்மில் இதே கதை இன்னொரு வடிவில் நடக்கிறது. ஆயுதக் கிடங்கின் கீழ்ச்சாதித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் லோட்டாவில் தண்ணீர் கேட்கிறார். சாதியைச் சொல்லி மறுக்கப்படுகிறது. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப் போகிறாயே, அப்போது உன் சாதி எங்கே போகும் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். ஆங்கிலேயரின் ராணுவ ஆவணத்தில் அவர் பெயரில்லாத ஒரு கலாசி. வட இந்தியத் தலித் மக்களின் வரலாற்று நூல்கள் அவருக்கு மாதாதீன் பங்கி என்று பெயர் தந்து, 1857இன் முதல் பொறி அவர்தான் என்று கொண்டாடுகின்றன. ஆவணம் விட்டுவைத்த வெற்றிடத்தில் மக்கள் ஒரு பெயரை எழுதினார்கள். இந்த நினைவு எங்களுக்குக் கடைசியில் தேவைப்படும், வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் படை நகர்ந்தபோது அதன் பின்னால் ஒரு பெரும் கூட்டம் நகர்ந்தது. டோலி தூக்குபவர்கள், மாட்டின்மேல் தோல் பைகளில் தண்ணீர் கொண்டுவருபவர்கள், துப்புரவு செய்பவர்கள், தோல் வேலை செய்பவர்கள். ஆங்கிலேயர்கள் சக்கிலியர் என்ற சாதிப் பெயரையே 'சக்ளர்' என்று திரித்து வேலைப் பெயராக்கிக்கொண்டார்கள். 1886இல் வந்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன் ஜாப்சனில் அது தனிச் சொல்லாகவே இடம்பெற்றுவிட்டது. பீரங்கி இழுக்கும் மாட்டின் வார் அறுந்தால், குதிரையின் சேணம் கிழிந்தால், சிப்பாயின் செருப்பு பிய்ந்தால் இவர்கள்தான் தைக்க வேண்டும். போர் முடிந்து பதக்கம் கொடுக்கும்போது பேசப்படாதவர்கள். போர்க்களத்துக்குப் போனவர்கள் போர்வீரர்கள் என்றால் இவர்களும் போனவர்கள்தான்.

துப்பாக்கி ஏந்தியவர்களிலும் நம் மக்கள் இருந்தார்கள். சென்னைப் படையின் பயோனியர், சாப்பர் பிரிவுகளில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார் மேஜர். அம்பேத்கர் பிறந்ததே 1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். பிறகு 'போர் இனம்' என்ற கோட்பாடு வந்தது. 1881 முதல் 1885வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று முடிவு கட்டினார். இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் அதைக் கொள்கையாக்கினார். 1892இல் மகர்களைச் சேர்ப்பது நின்றது. ஓய்வுபெற்ற ராணுவ வீரரான கோபால் பாபா வலங்கர் 1894இல் எழுதிய மனு, தீண்டப்படாதவர்கள் நவீன அரசோடு பேசிய தொடக்ககாலக் குரல்களில் ஒன்று.

கவனியுங்கள். உடம்பில் வாரை அணியும் தகுதி நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட அதே காலத்தில்தான் வாரைத் தைக்கும் வேலை தொழிற்சாலையாகப் பெருகியது. 1857க்குப் பிறகு ராணுவத்துக்கான சேணமும் தோல் சாமான்களும் இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று 1860களில் கான்பூரில் அரசுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1880களில் கூப்பர் ஆலன் நிறுவனம் அங்கே படைக்கு பூட்ஸ் செய்யத் தொடங்கியது. வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சமார்கள். ஊர்க் கட்டாயத்திலிருந்து கூலிக்கு வந்த அந்த மக்கள் நடுவில்தான் 1920களில் சுவாமி அச்சுதானந்தின் ஆதி இந்து இயக்கம் வேர்பிடித்தது. படை பூட்ஸ் கேட்டது. பூட்ஸ் செய்த தெருக்களில் இயக்கம் பிறந்தது. ஆங்கிலேய அரசு இரண்டாவதைத் திட்டமிடவில்லை.

சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்தார். எதற்குத் தெரியுமா? முதலில் கிணற்று இறைவைத் தோலுக்கு. பிறகு செருப்புக்கும் சேணத்துக்கும். தனியார் வணிகத்தில் அரசு கைவைப்பதா என்று ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910 வாக்கில் அரசு அதைக் கைகழுவியது. முதல் உலகப் போர் வந்ததும் அந்தத் தத்துவமெல்லாம் காற்றில் போனது. பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டும் என்பதால் சென்னை மாகாணத்தின் பதனிட்ட மாட்டுத் தோலை அரசே மொத்தமாக வாங்கியது. ஐரோப்பாவின் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற கால்களில் ஆவாரம் பட்டை இருந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் என்று பிறகு வளர்ந்த தோல் தொழிலின் கதையும், அதன் கழிவு பாலாற்றுக்குச் செய்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தனியாகப் பேச வேண்டியவை.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். இந்தத் தென்காசி மாவட்டத்தின் நெற்கட்டும்செவலில்தான் பூலித்தேவர் 1750களில் ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் வரி கட்ட மறுத்தார். அவருடைய தளபதியாக நின்ற அருந்ததியர் ஒண்டிவீரன். பாளையங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 20, அவர் நினைவு நாளன்று, அஞ்சல் தலை வெளியானது. இவை எல்லாம் நாம் போராடிப் பெற்றவை. சுவரொட்டிகளில் அவர் வாளோடும் குதிரையோடும் இருக்கிறார். ஆனால் மக்கள் சொல்லும் கதையில் அவர் எதிரி முகாமுக்குள் எப்படி நுழைந்தார்? தோல் வேலை செய்பவராக. செருப்பும் சேணமும் தைக்க வந்தவராக. அப்படி வருபவரைப் படைக்காரன் சந்தேகப்படமாட்டான். ஏறிட்டே பார்க்கமாட்டான். தீண்டாமை கட்டிய அந்தத் திரைக்குள் ஒளிந்துகொண்டுதான் அவர் போனார். இரவில் குதிரைக்கான புல்லுக்கு அடியில் மறைந்திருந்தபோது குதிரை கட்ட அடித்த முளை அவர் கையில் இறங்கியது. சத்தம் போடவில்லை. தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு, பீரங்கியின் வாயை முகாமின் பக்கமே திருப்பி வைத்துவிட்டு, குதிரையோடு வெளியேறினார் என்று கதை போகிறது.

கதைக்கு ஆவணம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. ஆவணம் வைத்திருந்தவர்கள் யார் என்பது நமது பதில். ஆனால் எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறொன்று. சுவரொட்டியில் காணாமல்போன குத்தூசி கதைக்குள் இருக்கிறது. நாம் சிலை வைக்கும்போது ஏன் வாளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்?

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பாபநாசம் மலையில் காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோவில். பிராமணனான முத்துப்பட்டன், வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்த கதை அங்கே வில்லுப்பாட்டில் பாடப்படுகிறது. நா. வானமாமலை அதைப் பதிப்பித்திருக்கிறார். பெண் வேண்டுமானால் பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்பு தைத்துக் காட்டு என்று வாலப்பகடை நிபந்தனை போடுகிறார். முத்துப்பட்டன் செய்கிறான். இன்றும் ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் பட்டவராயன் சன்னிதியில் பெரிய பெரிய தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கட்டிய செருப்பு பட்டவராயன் போட்டு நடந்ததுபோல அடி தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. எல்லாச் சாதியாரும் அங்கே தோலைக் கும்பிடுகிறார்கள். கீழே இறங்கி ஊருக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

ஒண்டிவீரனின் கையைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு இன்னொரு கை நினைவுக்கு வந்தது. 1858 ஆகஸ்ட் 31 அன்று, பெருங்கலகத்தை ஒடுக்கிய சண்டை ஒன்றில் சாம் பிரவுன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இடக்கையை இழந்தார். ஒரு கையால் வாளை உருவ முடியாததால், இடுப்பு வாரோடு தோளுக்குக் குறுக்காக இன்னொரு வாரைச் சேர்த்து ஓர் அமைப்பைச் செய்துகொண்டார். அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் தோல் பொருட்களில் அது ஒன்று. உலகப் படைகள் பலவற்றுக்கும் போன அந்த 'சாம் பிரவுன் பெல்ட்' இங்கே காவல்துறை அதிகாரிகளின் மார்பிலும் ஏறியது. கையை இழந்த ஓர் அதிகாரியின் பெயர் ஒரு வாருக்கு இருக்கிறது. அந்த வாரை முதலில் தைத்தவருக்கு இரண்டு கையும் இருந்திருக்கும். பெயர் மட்டும் இல்லை.

அந்த பெல்ட்டுகள் அதிகாரம் செலுத்திய ஒரு நாளைத் திருநெல்வேலிக்காரர்கள் மறக்கமாட்டோம். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள்மேல் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். பெரும்பாலோர் தலித்துகள். ஆகவே பழைய வாரையும் பையையும் பார்த்து "அடடா, நம்ம முன்னோரின் கைவண்ணம்" என்று உருகுவதோடு எங்களால் நிற்க முடியவில்லை. நாம் தைத்த பையிலிருந்து எடுத்த தோட்டாதான் நம்மை நோக்கியும் வந்தது. தைத்தவர் அதற்குப் பொறுப்பு என்றும் சொல்ல முடியாது. அவருக்கு வேறு வேலை தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை.

கடைசியாக எங்கள் சேகரிப்பைப் பற்றி. அந்தப் பையைப் பார்த்த பிறகு நாங்கள் தேடியது ராணுவச் சாமான் அல்ல. ராணுவச் சாமானை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள். குத்தூசி, தோல் சீவும் கத்தி, மெழுகுக் கட்டி, செருப்பு அச்சு, கமலை வாலின் ஒரு துண்டு என்று கேட்டுத் தெருத் தெருவாகப் போனோம். பெரும்பாலான வீடுகளில் இல்லை. பரணில் இருந்ததைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். ஒரு வீட்டில் ஒரு அம்மா கதவைச் சாத்தினார். சாத்தியது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியவரிடம்தான் அந்தச் சண்டை நேராக வந்தது. "நாங்க விட்டுட்டு வந்தத நீங்க என்னத்துக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள தூக்கி வைக்கிய? எம் மவன் படிச்சது இதத் தொடாம இருக்கத்தான்" என்றார். எங்களிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. உழைப்பு, வரலாறு, பெருமிதம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டை விடுங்கள் என்றுதான் சொன்னார். வருமானம் போய்விடுமே என்று அங்கலாய்த்தவர்களிடம், லாபமென்றால் நீங்களே அந்த வேலையைச் செய்யுங்களேன் என்று கேட்டவர் அவர். 2016இல் ஊனாவில் மாட்டுத் தோல் உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் தாய்க்கு நீங்களே இறுதிக் கடன் செய்யுங்கள் என்றார்கள். விடுவதுதான் நமது இயக்கத்தின் வரலாறு. அப்படியானால் விட்டதை நாங்கள் ஏன் பொறுக்குகிறோம்? எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தொழிலைக் கொண்டாடுவது வேறு, தொழிலில் இருந்த அறிவைக் கணக்கில் எழுதுவது வேறு என்று சிலர் சொல்கிறோம். அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை என்று சிலர் சொல்கிறோம்.

மூன்று மாதம் கழித்து அவரே வந்தார். மஞ்சள் பையில் ஒரு குத்தூசி. மரப்பிடியில் கட்டைவிரல் பட்ட இடம் குழிந்து, பளபளவென்று இருந்தது. அவருடைய அப்பாவுடையது என்றார். "வச்சுக்கிடுங்க. ஆனா எம் பேர எழுதப்படாது. பேத்தி டவுன்ல வேலை பாக்கா. அங்க யாருக்கும் தெரியாது" என்றார்.

எழுதவில்லை. இந்த அச்சுப் பிரதியிலும் அவர் பெயர் இல்லை. குத்தூசி பின்வரிசை மேசையில் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டி இல்லாமல். தேநீர் இடைவேளையில் எடுத்துப் பாருங்கள். முனை இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது, விரல் பத்திரம்.